கடற்காற்றும் காரின் இருக்கையும்

(இளநிலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

நாஞ்சில் நாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துருவை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. வீட்டுச் சன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, சைக்கிள் மட்கார்டு, வாசற்கதவின் கீல் என்று நாள்தோறும் நாம் தொட்டுப் பழகும் பொருள்கள் அதற்கு இரையாவதைக் கண்டே வளர்கிறோம். ஏறத்தாழ 72 கிலோ மீட்டர் நீளமுள்ள கடற்கரை. தென்மேற்குப் பருவமழை ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஒன்று என ஆண்டில் இருமுறை மழை. உப்பும் ஈரமும் ஒருங்கே வாய்த்த மாவட்டம் நம்முடையது. எந்த இரும்புப் பொருள் கெட்டாலும், "கடக்காத்து தின்னுட்டு" என்று ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம்.

காரணம் சரிதான், ஆனால் அது பாதிக் காரணம். கடற்காற்று இரும்பை எவ்வாறு தின்கிறது? எந்த இடத்தை முதலில் தின்கிறது? தின்றதுபோக எஞ்சியதைக் காப்பாற்ற வழி உண்டா? இக்கேள்விகளுக்கு நம் வகுப்பறைப் பாடத்திலேயே விடை இருக்கிறது. அந்த விடையை ஒரு பழைய காரின் இரண்டு இருக்கைகளை முன்னிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெரால்டும் அதன் தம்பியும்

அந்தக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கடலோர ஊர் ஒன்றில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றது. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரையே, சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை இந்தியாவில் தயாரித்தது. இதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலோட்டி என்னும் இத்தாலிய வடிவமைப்பாளர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவரே வரைந்த திறந்த உடலைப் பொருத்தி, 1962-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெளியிடப்பட்டது. அது 1980 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஹெரால்டை, உலகப் புகழ்பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன் என்று சொன்னால் தவறில்லை.

இத்தகைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் இருக்கைகள் ஏனைய கார்களின் இருக்கைகளைவிட விரைவில் துருப்பிடிக்கக்கூடும். மேலே இரும்புக் கூரை கிடையாது, துணிக்கூரைதான். மழைத்தண்ணீர் தையல் வழியாக உள்ளே இறங்கும். இருக்கை தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். தரைவிரிப்பு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருக்கையின் கால் அந்த ஈரத்திலேயே நிற்கும். ஹெரால்டுக்கு இரும்புக் கூரை உண்டு. எனினும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெடித்துவிட்டால் அதன் நிலையும் தம்பியின் நிலையே. எங்கள் கொட்டகைக் காருக்கு நேர்ந்தது அதுதான்.

முதல்முறை பழுது பார்த்தபோது ஒரு பட்டறையில் இருக்கைச் சட்டத்தை உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, புது ரெக்சின் உறை போட்டுக் கொடுத்தார்கள். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. வேறொரு பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டைச் சுற்றியிருந்த தகடு அப்பளம்போல் உதிர்ந்தது. மேலே பளபளப்பான பெயிண்ட். அதன் கீழே இரும்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பட்டறையின் மேஸ்திரி சொன்னார்: "மக்கா, பெயிண்ட் அடிச்சா துரு சாகாது. போர்வைக்குள்ள கெடந்து தின்னுக்கிட்டே இருக்கும்."

மேஸ்திரியின் இந்த ஒரு வாக்கியத்துக்கு வேதியியல் விளக்கம் தேடியபோதுதான், துரு பற்றிய பாடம் எனக்கு உண்மையில் விளங்கியது.

துரு என்பது யாது?

துருவை நாம் அழுக்கு என்றே நினைக்கிறோம். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று. துடைத்தால் போய்விடும், மூடினால் மறைந்துவிடும் என்று எண்ணுகிறோம். துரு அழுக்கன்று, அது இரும்பின் மேற்பரப்பில் இயங்கும் ஒரு சிறிய மின்கலத்தின் விளைபொருள். இக்கருத்தை 1903-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்லிஸ் விட்னி எடுத்துரைத்தார்.

இரும்பின் மேல் ஒரு நீர்ப்படலம் இருக்கிறது என்று கொள்வோம். ஓரிடத்தில் இரும்பணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த இடம் நேர்மின்வாய். விடப்பட்ட எலெக்ட்ரான்கள் இரும்பின் ஊடாகவே வேறோர் இடத்துக்குச் செல்கின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்று, நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனியாகிறது. அந்த இடம் எதிர்மின்வாய். இரு அயனிகளும் நடுவழியில் சந்தித்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, மேலும் ஆக்சிஜனை ஏற்றுச் செம்பழுப்புத் துருவாகப் படிகின்றன. துரு காணப்படும் இடமும் இரும்பு கரையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. இதுவே இப்பாடத்தின் திறவுகோல்.

இதைக் கண்ணாலேயே காணலாம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் ஈவான்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் செய்துகாட்டிய சோதனையை நம் ஆய்வுக்கூடத்தில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். உப்புக் கரைசலில் சிறிது பினாப்தலீனும் சிறிது பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சேர்க்க வேண்டும். நன்கு தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டின்மீது அக்கரைசலில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகும். இரும்பு கரைவது அங்கே. சொட்டின் விளிம்பு இளஞ்சிவப்பாகும். ஆக்சிஜன் எலெக்ட்ரானை ஏற்பது அங்கே. நேரம் செல்லச் செல்ல இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படியும்.

விளிம்பில் காற்று எளிதில் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. காற்று கிடைக்காத இடமே அரிக்கப்படுகிறது! "காற்றுப் படாமல் மூடி வைத்தால் துருப்பிடிக்காது" என்ற நம் எண்ணம் எத்தனை அரைகுறையானது என்பதை இந்த ஒரு சொட்டு காட்டிவிடுகிறது. போல்ட்டின் தலைக்கு அடியிலும், தகடும் தகடும் ஒட்டும் மடிப்பிலும், உறை மூடிய குழாயின் அடிப்புறத்திலும், கொப்புளம் எழுந்த பெயிண்டின் கீழும் இரும்பு வேகமாகக் கரைவதற்கு இதுவே காரணம். மேஸ்திரி சொன்ன "போர்வை" இதுதான்.

உப்பின் பங்கு

தூய நீர் மின்சாரத்தை நன்கு கடத்தாது. உப்பு நீர் கடத்தும். எனவே உப்பு சேர்ந்தால் இந்த மின்கலம் வேகமாக இயங்கும். இது முதற்கேடு. உப்பிலுள்ள குளோரைடு அயனி, இரும்பின்மேல் இயல்பாக உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடும். இது இரண்டாவது கேடு.

மூன்றாவது கேடு நாம் அதிகம் நினைத்துப் பார்க்காதது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு துளி மழைகூடப் படாமல் கொட்டகைக்குள் நிற்கும் காரின் இருக்கையும் இரவெல்லாம் நனைந்தபடியே இருக்கிறது. நம் வியர்வையிலும் உப்பு உண்டு. கடலில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து காரில் ஏறுபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்குவரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் எழும்புகிறது, பற்றவைப்பு பிளக்கிறது, போல்ட் இறுகிக் கழல மறுக்கிறது.

இச்சேதத்தின் அளவு சிறியதன்று. அரிமானத்தால் உலகுக்கு ஆண்டொன்றுக்கு ஏற்படும் செலவு, உலக மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 3.4 விழுக்காடு என்று 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இத்துறையில் நம் மாநிலத்துக்குப் பெருமைதரும் இடம் ஒன்று உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்து முன்வந்ததால் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. கடலோர அரிமானத்தை ஆராய இந்நிலையம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்து வந்தது.

கழற்றலும் ஆராய்தலும்

இனி வேலைக்கு வருவோம். எங்கள் காரின் இரண்டாம் சீரமைப்பை அந்த மேஸ்திரியோடு உடனிருந்து பார்த்தேன். அவர் கைக்கொண்ட வரிசையையும், அதற்குரிய வேதியியல் காரணத்தையும் இணைத்துத் தருகிறேன்.

முதலில் படம் எடுத்தல். எந்த வில் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது, எந்த போல்ட் எத்தனை நீளம் என்பதைப் படமாகவும் குறிப்பாகவும் பதிந்துகொள்ள வேண்டும். கழற்றிய உறை கிழிந்திருந்தாலும் எறியக்கூடாது; புது உறை வெட்டுவதற்கு அதுவே அளவு. இறுகிய போல்ட்டை வலிந்து திருகினால் தலை முறியும். எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டிக் கழற்ற வேண்டும்.

அடுத்து, எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரித்தல். சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிந்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் கூர்முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகடோ குழாயோ வைத்துப் பற்றவைக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், அது தரையோடு இணையும் போல்ட், முதுகுச்சட்டம் மடங்கும் கீல், குழாய் வளையும் அடிப்புறம். இரண்டு கதவு ஹெரால்டில் பின்னால் ஏறுபவருக்காக முன் இருக்கையை மடக்க வேண்டும். ஆகையால் கீல் தேய்மானமும் கூடுதல்.

துத்தநாகம் பூசிய பாகத்தைத் தீயில் காட்டவோ அப்படியே பற்றவைக்கவோ கூடாது. அதிலிருந்து எழும் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

துருவை நீக்கும் வழிகள்

துருவை நீக்கும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தக்க இடமும் தகாத இடமும் உண்டு.

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கைக்கெட்டும் இடங்களுக்குப் போதும். குழிக்குள் இருக்கும் துருவை அவை எட்டா. குழியின் அடியில்தான் குளோரைடு தங்கியிருக்கும். எங்கள் முதற்பழுது தோற்றது அங்கேதான்.

மின்பகுப்பு முறை நம் பாடத்தின் நேர் பயன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். இருக்கைச் சட்டத்தைக் கார் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். சட்டத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். துரு ஒடுக்கமடைந்து கறுத்துத் தளரும். நல்ல இரும்பு கரையாது. துரு உண்டாகும்போது இரும்பு எலெக்ட்ரானை இழந்தது. இப்போது நாம் எலெக்ட்ரானைத் திரும்பக் கொடுக்கிறோம். இம்முறையில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் நச்சு வாயுவான குளோரின் எழும். நேர்முனையில் எவர்சில்வர் வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் எரியும் வாயு. ஆகவே திறந்த வெளியிலேயே இதைச் செய்ய வேண்டும், அருகில் தீ கூடாது.

பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைப்பதோடு, இரும்பின்மேல் இரும்புப் பாஸ்பேட்டு என்னும் மெல்லிய படலத்தையும் விட்டுச் செல்லும். தில்லியிலுள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் திறந்த வெளியில் நிற்பதற்கு, அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்து அதனால் மேற்பரப்பில் பாஸ்பேட்டுப் படலம் உண்டானது ஒரு முக்கிய காரணம் என்பதைக் கான்பூர் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். பண்டைய கொல்லன் உலையில் நேர்ந்ததை நாம் இன்று அமிலத்தில் தோய்த்துச் செய்கிறோம்.

இங்கே ஒரு தடை உண்டு. இருக்கையின் சுருள்வில், நெளிவில் ஆகியவை கரிமம் மிகுந்த கடின எஃகால் ஆனவை. அமிலத்திலும் மின்பகுப்பிலும் பிறக்கும் ஹைட்ரஜன் அந்த எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பளபளப்பாக வெளிவந்த வில், பின்பொரு நாள் பாரம் தாங்காமல் படாரென்று முறியும். எனவே வில்களைக் கம்பி பிரஷ்ஷால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். குழி விழுந்த வில்லை மாற்றிவிட வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணல்

சட்டத்தின் குழிகளுக்குள் இருக்கும் துருவைக் களைய, காற்றின் விசையால் மணலை வீசி அடிக்கும் முறையே சிறந்தது. கடற்கரை மணலை அள்ளிவந்து இதற்குப் பயன்படுத்தலாமா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அதில் உப்பு இருக்கும். இரும்பின் உள்ளே உப்பைக் குத்தி ஏற்றியதாக முடியும். சாதாரண மணலில் உள்ள சிலிக்கா உடைந்து பறக்கும் தூசியாகி, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரும். இதற்கு ஏற்றது கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம். கடினத்தில் குவார்ட்சுக்குக் குறையாதது. தனிச் சிலிக்கா மிகக் குறைவு.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பயணிகளுக்குப் பொட்டலம் கட்டி விற்கும் பல நிற மணலில் சிவப்பாக மின்னுவது இந்தக் கார்னெட்டே. கறுப்பாக இருப்பது இல்மனைட்டு. 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். அதன் தொடர்ச்சியாகவே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. பின்னாளில் அது 1950-இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனத்தின் கீழ் வந்தது. இம்மணலை அள்ளுவது பற்றிக் கரையோர மக்களுக்கு நெடுநாளைய கவலைகளும் எதிர்ப்பும் உண்டு என்பதையும் நாம் மறத்தலாகாது.

கார்னெட்டாயினும் முகமூடியின்றி இவ்வேலையைச் செய்தல் கூடாது. மெல்லிய தகட்டில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் தகடு நெளியும்.

உப்பு போய்விட்டதா?

துரு போன இரும்பு வெள்ளி போல இருக்கும். அப்போது உடனே பெயிண்ட் அடிக்க ஆசை வரும். இங்கேதான் ஒரு வேதியியல் மாணவன் பட்டறைக்கு உதவ முடியும். சட்டத்தை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிய பிறகு, கடைசியாக வாலைவடிநீரால் கழுவி, வழிந்த நீரைச் சோதனைக் குழாயில் பிடிக்க வேண்டும். அதில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில துளி வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறதா என்று பார்க்கலாம். தோன்றினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும். கடலோரக் கிணற்று நீரிலேயே உப்பு இருக்கும். ஆகவே வாலைவடிநீரைத் தனியாகவும் சோதித்து ஒப்பிட வேண்டும். முதலாமாண்டு உப்புப் பகுப்பாய்வில் நாம் மனப்பாடமாகச் செய்த அதே சோதனைதான். எங்கள் சட்டம் மூன்றாம் கழுவலுக்குப் பிறகே தேறியது.

கழுவிய இரும்பு ஈரத்தோடு நின்றால் ஒரு மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். வெயிலிலும் காற்றிலும் விரைந்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும்.

காப்புப் பூச்சு

நம் பட்டறைகளில் பரவலாகப் பூசும் சிவப்பு ஆக்சைடு பிரைமரின் செந்நிறம் எதனால் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அதுவும் இரும்பு ஆக்சைடே. ஒருவகைத் துருவே துருவுக்குக் காவல் நிற்கிறது! ஆனால் அது வெறும் சுவர்போல் நின்று மறிக்கிறதே தவிர, மின்கலத்தில் தலையிடுவதில்லை. துத்தநாகம் மிகுந்த பிரைமர் வேறு வகை. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடும். ஆகவே கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். மேற்பூச்சுக்கு எபாக்சி வகை நன்று. கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்து பெறும் கார்டனால் என்னும் பொருளைக் கொண்டு செய்த இறுக்கிகள் கப்பல்களுக்கான எபாக்சிப் பூச்சுகளில் பயன்படுகின்றன. நம் மாவட்டத்துக் கொல்லா ஆலைகளில் கைகளைக் கறுக்கச் செய்யும் அதே எண்ணெய்தான். பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் ஆக்சைடு நம் கடற்கரை இல்மனைட்டிலிருந்து பெறப்படுவது. அதைத் தயாரிக்கவே 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

பூசும்போது மறக்கக்கூடாதவை சில. குழாயின் உட்புறத்துக்குப் பிரஷ் எட்டாது. உள்ளே மெழுகு கலந்த எண்ணெயை ஊற்றிச் சுழற்ற வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கக்கூடாது. தண்டவாளத்தின் பற்களில் பெயிண்ட் கூடாது, கிரீஸ் போதும். அழகுக்காகப் பித்தளைத் திருகாணி போட்டால், இரும்பும் பித்தளையும் தொடும் இடத்தில் புது மின்கலம் ஒன்றை நாமே செய்து வைத்தவர்களாவோம்.

மெத்தையும் உறையும்

சட்டம் முடிந்தபின் வேலை குஷன் கடைக்குப் போகிறது. பழைய கார்களின் இருக்கைக்குள் பஞ்சு, குதிரைமயிர், தென்னந்தும்பு, ரப்பர் எனப் பலவகை நிரப்பிகள் இருந்தன. அவற்றுள் ரப்பர் தும்பு நமக்கு மிக நெருங்கியது. முறுக்கிச் சுருளாக்கிய தும்பைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். தும்புக்கு நம் கடற்கரை ஊர்கள். ரப்பருக்கு நம் மலையடிவாரம். தமிழ்நாடு அரசு ரப்பர் கழகம் 1984-இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்ததும் இதனாலேயே.

தும்பு மெத்தைக்குக் காற்றோட்டம் உண்டு, உடல் வேர்க்காது. ஆனால் நனைந்தால் விரைவில் உலராது. அது சட்டத்தை நேரே தொடும்படி வைத்தால் ஈரத்துணியைச் சுற்றி வைத்ததற்கு ஒப்பாகும். முன்பு இடையில் கோணிச்சாக்கு விரிப்பார்கள். அதுவும் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் காருக்கு, தண்ணீர் உறிஞ்சாத துணியை இடையே விரித்தோம். வெடித்த கண்ணாடி ரப்பரையும் மாற்றினோம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் இருக்கையை மட்டும் புதுப்பிப்பது, கூரை ஒழுகத் தரையைத் துடைப்பது போன்றதே.

முடிவுரை

அந்த இருக்கைகள் மீண்டும் காரில் ஏறி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டன. கொப்புளம் இல்லை, சாய்வும் இல்லை. வாரத்துக்கொரு முறை கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடுகிறோம். கடலோரப் பயணம் சென்று வந்தால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிடுகிறோம். செலவில்லாத இந்த இரண்டு வேலைகளும் விலையுயர்ந்த பூச்சைவிட அதிகம் காக்கும்.

முதல் பழுதுக்கும் இரண்டாம் பழுதுக்கும் பணத்தில் இருந்த வேறுபாட்டைவிட அறிவில் இருந்த வேறுபாடே பெரிது. துருவை அழுக்கு என்று எண்ணியவர் மூடினார். அது இயங்கும் மின்கலம் என்று கண்டவர் உப்பை நீக்கி, ஈரத்தை விலக்கி, சுற்றை அறுத்தார். கறுப்புப் பெயிண்டின் கீழே உதிர்ந்து கிடந்த அந்தப் போல்ட்டுத் துளையை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. மாமன் அந்த இருக்கையில் அமர்ந்துதான் மாதக்கணக்கில் காரை ஓட்டினார். திடீரென்று பிரேக் பிடித்திருந்தால் இருக்கையோடு முன்னால் சென்று மோதியிருப்பார். இருக்கை என்பது வெறும் அலங்காரமன்று. மனிதனைக் காரோடு பிணைத்து நிறுத்தும் உறுப்பு அது.

மாணவ நண்பர்களே! பாம்பன் பாலத்தையும் கப்பலையும் அரிக்கும் அதே வேதிவினைதான் நம் வீட்டுச் சன்னல் கம்பியிலும் பள்ளிப் பேருந்தின் இருக்கைக் காலிலும் நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வெள்ளி நைட்ரேட்டுச் சோதனை ஒரு பட்டறையின் வாசலில் ஓர் உயிரைக் காக்கக்கூடும். நோயைத் தந்தது நம் கடல். மருந்துக்கு வேண்டிய கார்னெட்டும் கொல்லாவும் தும்பும் ரப்பரும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வேண்டியது படித்ததைப் பயன்படுத்தும் கை ஒன்றுதான். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்.